மிகிந்தலை மரையும் வில்பத்து மரையும்

யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டு, பழைய பௌத்த தலங்களான மிகிந்தலையையும் அநுராதபுரத்தையும் பார்த்து, பின்னேரம் வில்பத்துக் காட்டுக்குள்ளும் போய்விட்டு, அன்றிரவே வீடு திரும்ப முடியுமா என்று வான் ஓட்டும் தம்பியிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஏலும் அக்கா, ஆனா ஓரிடத்திலயும் ஆறுதலா நிக்கேலாது" என்றார். நாங்கள் போன இடமெல்லாம் ஆறுதலாகவே நின்றோம். அந்தத் தாமதம் பின்னேரம் காட்டு வாசலில் எங்களைப் பிடித்துக்கொண்டது.

சுற்றுலா நிறுவனங்கள் இந்தப் பயணத்தைக் கொழும்பில் இருந்து வருவோருக்கு ஏற்றபடி வகுத்து வைத்திருக்கின்றன. காலையில் இடிபாடுகள், மாலையில் விலங்குகள் என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லாதது போலக் காட்டுவார்கள். வடக்கில் இருந்து இறங்கிப் போகும் எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. வழி நெடுக எங்கள் கரையின் கதையும் வன்னியின் கதையும் கூடவே வந்தன. அதனால்தான் இதை எழுத நினைத்தேன்.

அக்கா, அத்தான், 9ஆவது பிறந்தநாளைப் போன மாதம் கொண்டாடிய பெறாமகள், 74 வயதான மாமா, நான் என ஐந்து பேர் யூலை மாதத்து விடுமுறை நாளொன்றில் அதிகாலை 3 மணிக்குக் கொக்குவிலில் இருந்து புறப்பட்டோம். விகாரைகளுக்குப் போகிறோம் என்பதால் மீன், இறைச்சி எதுவும் சேர்க்காமல், புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இடிசம்பலும் அக்கா கட்டி வந்திருந்தார். மாமா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, தேசிய அடையாள அட்டையை மறக்கவேண்டாம் என்று நால்வருக்கும் நான்கு தடவை சொன்னார். அவர் அரைநூற்றாண்டுக்கு முன்னர் அநுராதபுரத்தில் அரச உத்தியோகம் பார்த்தவர். அதற்குப் பிறகு அந்த நகரை அவர் ரயில் யன்னல் வழியாக மட்டுமே கண்டிருக்கிறார்.

ஆனையிறவைக் கடக்கும்போது இருட்டாகவே இருந்தது. ஆனை எங்கே என்று பெறாமகள் கேட்டாள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பெயர் இருக்கிறதே. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழம் குறைந்த இந்தக் கடல்நீரேரி வழியாக நடத்திக் கொண்டுவந்து, பின்னர் ஊர்காவற்றுறையில் இருந்து கப்பலேற்றி இந்தியக் கரைகளுக்கு அனுப்பினார்கள் என்று மாமா விளக்கினார். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியர் தலைவர்கள் செலுத்திய திறையே யானைகளாகத்தான் இருந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை உப்பளமும் பெயரும் மட்டும்தான். யானையைப் பார்க்க நாங்கள் 200 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போக வேண்டியிருந்தது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வழக்கப்படி கச்சானும் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் தேநீர் குடித்தோம். மதவாச்சி தாண்டியபோது விடிந்துவிட்டது.

ஏ9 வீதியால் வருவோருக்கு அநுராதபுரத்துக்கு முன்பே மிகிந்தலை வந்துவிடும். அங்கிருந்து அநுராதபுரம் மேற்கே ஏறக்குறைய 13 கிலோமீற்றர். எனவே முதலில் மலை, பிறகு நகரம் என்ற ஒழுங்கு வழியிலேயே அமைந்துவிடுகிறது. வரலாற்றின் ஒழுங்கும் அதுதான். மலையடிவாரத்தில் இருந்து மேலே 1840 படிகள் என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வாகனத்தில் மேல் தரிப்பிடம் வரை போய்ப் பெரும்பகுதிப் படிகளைத் தவிர்த்துவிடலாம். மாமாவும் அக்காவும் அப்படியே செய்தார்கள். நாங்கள் மூவரும் அரலி மரங்களின் கீழ் அகலமாக விரிந்து கிடந்த கற்படிகளில் ஏறினோம். காலை 7 மணிக்கு அந்தப் படிகளில் எங்களையும் சில குரங்குகளையும் தவிர வேறெவரும் இல்லை. யூன் மாதப் பௌர்ணமியான பொசன் போயாவை அண்டிய நாட்களில் இங்கே இலட்சக்கணக்கில் அடியார்கள் கூடுவார்கள். அமைதியை விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் கதை இது. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில், தேவநம்பியதீசன் என்ற அரசன் இந்த மலையில் வேட்டையாட வந்தான். மரையின் உருவெடுத்த மலைத்தெய்வம் ஒன்று அவன் முன்னே ஓடி, துரத்தி வந்தவனை அசோகனின் மகனான மகிந்த தேரர் நின்ற இடத்துக்கு இட்டுச் சென்று மறைந்தது. இங்கே மரை என்பதை எங்கள் ஊர் வழக்கில், கிளைத்த கொம்புடைய பெரிய காட்டு மான் என்ற பொருளில் எழுதுகிறேன். வேடனாக வந்த அரசன் பௌத்த உபாசகனாகத் திரும்பினான். மிகிந்தலைக் காடு அதன் பின்னர் விலங்குகளுக்கு அபயமளிக்கும் இடமாக அறிவிக்கப்பட்டது என்பது மரபு. உலகின் மிகப் பழைய வனவிலங்குச் சரணாலயங்களில் ஒன்று என்று வழிகாட்டிகள் இதைப் பெருமையுடன் சொல்வது அதனால்தான். ஆக, புத்த தலத்தையும் வனவிலங்கையும் ஒரே நாளில் இணைப்பது சுற்றுலாக்காரரின் கண்டுபிடிப்பு அல்ல. அந்த இணைப்பு தொடக்கத்திலேயே கதைக்குள் இருக்கிறது.

அம்பஸ்தல தூபியடியில், தேரர் அரசனின் அறிவைச் சோதித்த மாமரக் கதையைப் பெறாமகளுக்குச் சொன்னேன். "இந்த மரத்தின் பெயர் என்ன?" "மாமரம்." "இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா?" "பல உண்டு." "இந்த மாமரத்தையும் அந்த மாமரங்களையும் தவிர வேறு மரங்கள் உண்டா?" "பல உண்டு." "அந்த மாமரங்களையும் அந்த வேறு மரங்களையும் தவிர்த்தால் எஞ்சுவது?" "இந்த மாமரம்தான்." அவள் சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, "சின்னம்மா, அது கறுத்தக்கொழும்பானோ, விளாட்டோ?" என்று கேட்டாள். தேரர் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் கேள்விகளை இன்னும் நீட்டியிருக்க வேண்டும்.

பலர் மேலே ஏறுவதிலேயே குறியாக இருந்து தவறவிடுகிற இரண்டு இடங்கள் கீழேயே உள்ளன. ஒன்று, பழைய மருத்துவமனையின் இடிபாடு. ஒரே கல்லில் மனித உடல் கிடக்கும் அளவுக்குக் குடைந்தெடுத்த மருந்துத் தொட்டியை அங்கே காணலாம். நோயாளியை அதில் கிடத்தி மூலிகை எண்ணெயில் ஊறவைத்தார்களாம். மற்றது, படிகளின் இடைத் தளத்தில் உள்ள தானசாலை. பிக்குகளுக்குச் சோறு நிரப்பிய நீண்ட கற்தொட்டி இன்றும் அங்கே கிடக்கிறது. அதற்கு அருகே 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தனின் இரண்டு பெரிய கற்பலகைகள் நிற்கின்றன. விகாரையின் ஒழுங்கு விதிகளும், அங்கு வேலை செய்தவர்களுக்குரிய கொடுப்பனவுகளும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. வாழ்நாள் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு இருந்த மாமா, தூபியைவிட அந்தப் பலகைகளின் முன்னேதான் அதிக நேரம் நின்றார். எழுத்து புரியாவிட்டாலும் அது சம்பளப் பட்டியல் என்று தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

அநுராதபுரத்தை அடைந்தபோது மணி 10. யுனெஸ்கோ 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இந்த நகரை மூன்று மணித்தியாலத்தில் பார்த்துவிட முடியாது. நாங்கள் ஸ்ரீ மகாபோதி அரசமரம், ருவன்வெலிசாயத் தூபி, அபயகிரி விகாரை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு குறிப்பு: காலணிகளைக் கழற்றிவிட்டு நடக்கும் மணலும் கல்லும் 10 மணிக்கு மேல் அடுப்புத் தட்டாகிவிடும். தடித்த காலுறை கொண்டுபோனவர்கள் புத்திசாலிகள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பொன்முலாம் பூசிய வேலிக்குள், முட்டுக்கால்களில் சாய்ந்து நிற்கும் அந்த வெள்ளரசுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு பலருக்கும் தெரியாது. அசோகனின் மகள் சங்கமித்தை அதைக் கன்றாகக் கொண்டு வந்திறங்கிய ஜம்புகோள பட்டினம் என்பது மாதகலை அடுத்த சம்பில்துறை என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. தேவநம்பியதீசன் கழுத்தளவு கடல்நீரில் இறங்கி நின்று கன்றை வரவேற்றான் என்று மகாவம்சம் எழுதுகிறது. பின்னர் இந்த மரத்தில் முளைத்த முதல் எட்டுக் கன்றுகளில் ஒன்று திரும்பவும் ஜம்புகோளத்திலேயே நடப்பட்டது என்றும் அது சொல்கிறது. வடகரையில் இருந்து நகரின் வடக்கு வாசல் வரை அரசமரக் கன்று ஊர்வலமாகச் சென்ற திசையில்தான் நாங்கள் கச்சான் கொறித்தபடி நான்கு மணித்தியாலத்தில் வந்திருந்தோம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் சிறு தூபிகளும், 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த, வசப மன்னன் காலத்துப் பொன்னேடும் அந்த வழியில் எத்தனை பேர் போய்வந்திருப்பார்கள் என்பதற்குச் சாட்சி சொல்பவை.

அந்த முற்றத்தில் நிற்கும் எந்தத் தமிழருக்கும் இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 1985 மே 14 அன்று விடுதலைப் புலிகள் இந்த நகரிலும் இந்த மரத்தடியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றே வில்பத்துவிலும் கொலைகள் நடந்தன. எங்களுக்கு நடந்தவற்றின் பட்டியல் நீளமானது. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் பிடித்தபடி இந்த முற்றத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மாமா ஒன்றும் பேசாமல் தாமரை மொட்டுகளை வைத்துவிட்டு வந்தார். வெள்ளைச் சேலை உடுத்த முதிய அம்மா ஒருவர் தன் தட்டில் இருந்த பூக்களில் பாதியைப் பெறாமகளின் கையில் கொடுத்து, எங்கே வைப்பது என்று காட்டினார்.

சிங்கள அரசன் துட்டகைமுனு கட்டத் தொடங்கிய ருவன்வெலிசாயவில், தூபியைத் தாங்குவது போலச் சுற்றுமதிலில் வரிசையாக நிற்கும் யானைகளைப் பெறாமகள் எண்ணத் தொடங்கி, வெயிலுக்குத் தோற்றுப் பாதியில் விட்டுவிட்டாள். துட்டகைமுனு என்றால் எங்கள் வீடுகளில் உடனே எழும் பெயர் எல்லாளன். 44 ஆண்டுகள் ஆண்ட அந்தச் சோழனின் நீதியை, அவனை வென்றவனைப் போற்றும் மகாவம்சமே புகழ்கிறது. அவன் விழுந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடந்து போவோர் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று துட்டகைமுனு கட்டளையிட்டதாகவும் சொல்கிறது. நெடுங்காலம் எல்லாளன் சமாதி என்று காட்டப்பட்ட செங்கல் மேட்டைத் தக்கிண தூபி என்று தொல்லியல் பேராசிரியர் பரணவிதான இனங்கண்டார். மாமாவின் இளமைக் காலத்திலேயே அந்த வாதம் சூடாக நடந்ததாம். அவர் அந்த வழியால் போகும்போது வானில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னார். "மேடு ஆற்றையாவது இருக்கட்டும், கட்டளை கட்டளைதான்" என்றார்.

அபயகிரிப் பகுதியில் ஒரு சந்திரவட்டக்கல்லின் முன்னே நீண்ட நேரம் போய்விட்டது. வாசற்படியின் அடியில் கிடக்கும் அந்த அரைவட்டக் கல்லின் வெளி வளையத்தில் தீச்சுடர்கள். அதற்கு உள்ளே யானை, குதிரை, சிங்கம், எருது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் விலங்குகள். பிறகு கொடி, அன்னங்கள், நடுவில் தாமரை. பிற்காலத்துப் பொலன்னறுவைக் கற்களில் இந்த வரிசையில் இருந்து எருது மறைந்துவிடுகிறது. சோழர் ஆட்சியின் பின்னர் நந்தியை மிதிக்கக் கூடாது என்ற சைவ உணர்வு பரவியதே காரணம் என்று பலர் விளக்குவார்கள். இதே அபயகிரிக்கு அருகில்தான், தமிழ் இல்லறத்தார் கூடுவதற்காகத் தமிழர் ஒருவர் அமைத்த மண்டபத்தைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட அந்தக் கல்லில் ஒவ்வொருவரின் இருக்கையும் பெயரிட்டுக் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவர் கப்பலோட்டி. அந்த இடத்தைத் தேடிப் போக நேரம் இருக்கவில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு எஞ்சிய ஒரே மனக்குறை அதுதான்.

மதிய உணவைத் திசாவாவிக் கட்டில் அவசரமாக முடித்துக்கொண்டு, நொச்சியாகம வழியாக மேற்கே போனோம். வில்பத்துவின் பிரதான வாசலான குணுவிலகமவுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. தொலைபேசியில் ஒழுங்குசெய்திருந்த ஜீப், நாங்கள் பிந்தியதால் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்த ஜீப் பேசியதைவிடக் கூடிய விலைக்கு வந்தது. அத்தான் பேரம் பேசினார். நேரம் போவதைப் பார்த்து, நான் காசைக் கொடுத்தேன். வான், ஜீப், நுழைவுச் சீட்டு மூன்றும் தனித்தனிச் செலவுகள் என்பதையும், உள்நாட்டவருக்கான சீட்டு வெளிநாட்டவருக்கு உரியதைவிட மிகக் குறைவு என்பதையும் போகவிருப்போர் நினைவில் வைக்க வேண்டும்.

ஏறக்குறைய 1300 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள வில்பத்து இலங்கையின் மிகப் பெரிய தேசிய வனம். 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட இது, போரினால் 1988இல் மூடப்பட்டு, 2003இல் திறந்து, மீண்டும் மூடப்பட்டு, 2010இல்தான் நிலையாகத் திறந்தது. உள்ளே நுழைந்ததும் என்னை முதலில் கவர்ந்தது விலங்கு அல்ல, மண். சுன்னாகத்துத் தோட்டங்களில் காணும் அதே சிவப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்து புத்தளம் வரை மேற்குக் கரையோரமாக நீளும் சுண்ணக்கற் படிவத்தின் மேல்தான் இந்தக் காடும் நிற்கிறது. இருபுறமும் பாலை மரங்களும் வீரை மரங்களும் நெருங்கி நிற்க, சிவந்த பாதை வளைந்து வளைந்து போய், திடீரென்று ஒரு பெரிய வெளி திறக்கும். நடுவே நீர், சுற்றிலும் பசும்புல், அதற்கப்பால் மீண்டும் காடு. இதைத்தான் வில்லு என்கிறார்கள். மனிதர் வெட்டிக் கட்டிய குளம் அல்ல. இயல்பாகப் பள்ளமான நிலத்தில் மழைநீர் தேங்கியது. அநுராதபுரத்தின் வாவிகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, கட்டும் மதகும் இல்லாமல் நிறைந்து கிடக்கும் இந்த நீர் புதுமையாகத் தோன்றியது. காட்டுக்குள் கைவிடப்பட்ட பழைய குளக்கட்டுகளும் உண்டு என்பதால், ஒருகாலத்தில் இங்கும் வயல் இருந்திருக்கும். வில்லுகளில் ஒன்றின் பெயர் பணிக்கர் வில்லு. யானை பிடிப்பதில் வல்லவர்களைப் பணிக்கர் என்று வன்னியில் அழைத்தார்கள் என்று மாமா சொன்னபோது, காலையில் பார்க்காமல் வந்த ஆனையிறவு யானைகளின் மறுமுனை இதுதான் என்று பட்டது.

புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. நீர் வற்றிய சேற்றில் இரண்டு முதலைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. நத்தைகுத்தி நாரைகளும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கரையோரம் நடந்தன. மருத மரத்தின் உச்சியில் இருவாய்ச்சி ஒன்று இருந்தது. ஒற்றைக் கொம்பன் யானை அல்ல, கொம்பே இல்லாத ஆண் யானை ஒன்று புதரில் இருந்து பாதி முகத்தை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போனது. இலங்கையில் கொம்புள்ள ஆண் யானைகள் மிகச் சிலவே என்பதால் இதுவே வழமையான காட்சி.

திடீரென்று சாரதியின் கைத்தொலைபேசி ஒலித்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "கொட்டியா!" என்று உரத்துச் சொன்னார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சிங்களச் சொல் விடுதலைப் புலிகளை மட்டுமல்ல, சிறுத்தையையும் குறிக்கும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் எத்தனையோ ஆண்டுகளாக அதைச் சோதனைச் சாவடிகளில் மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. ஒரு கணம் கழித்து எல்லோரும் சிரித்தோம். காரணம் புரியாத சாரதியும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு நடந்தது சிரிப்புக்குரியதல்ல. குலுங்கக் குலுங்க விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில், பதினைந்துக்குக் குறையாத ஜீப்புகள் புழுதிக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சிறுத்தை எப்போதோ போயிருந்தது. மணலில் அதன் அடிச்சுவட்டைக் காட்டினார்கள். அதையும் அடுத்து வந்த சக்கரம் அழித்துவிட்டது. எங்களை இனி எந்த அழைப்புக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று அத்தான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சாரதியிடம் கேட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதன் பின் அவர் மிக மெதுவாக ஓட்டினார்.

மெதுவாக ஓட்டியதால்தான் கரடி கிடைத்தது. பாலைப்பழக் காலம் முடியும் தறுவாய் அது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பழகியவர்களுக்குத் தெரியும், பாலைப்பழம் பழுத்தால் மனிதருக்கு முன்பே கரடி மரத்தில் இருக்கும். கிளைகள் முறியும் ஓசை கேட்டு சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். கரியதொரு உருவம் பின்புறமாகத் தண்டைப் பற்றிக்கொண்டு, கிழவர் ஏணியில் இறங்குவது போல இறங்கி, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பற்றைக்குள் புகுந்தது. அரை நிமிடம் கூட இராது. அக்கா படம் எடுக்க மறந்துவிட்டார்.

பூங்காவில் இருந்து 6 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். திரும்பும் வழியில், கடைசி வில்லின் கரையில் சூரியன் சரிந்துகொண்டிருந்தபோது, தனியாக ஒரு மரை நீர் குடித்துக்கொண்டு நின்றது. கழுத்து மயிர் நனைந்திருந்தது. கொம்பில் நீர்ப்பாசி தொங்கியது. புள்ளிமான்களைப் போல அது பதறவில்லை. தலையை உயர்த்தி எங்கள் பக்கம் பார்த்து, பிறகு ஓசையில்லாமல் காட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"சின்னம்மா, இதுவும் சாமியோ?" என்று பெறாமகள் என் காதுக்குள் கேட்டாள்.

நான் விடை சொல்வதற்குள் மாமா, "தெரியாது பிள்ளை, பின்னால போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். சாரதி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். நாங்கள் வாசலை அடைந்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. காவலாளி எங்கள் ஜீப்பின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தடையை உயர்த்தினார்.